மூர்ச்சை போட்டு விழுதல்: காரணங்களும் சிகிச்சையும்

சித்திரை மாதத்து உச்சிவெயிலில் களத்துமேட்டில் நெடுநேரம் நின்ற ஒருவர் திடீரென்று முகம் வெளுத்து, கால் தள்ளாடிக் கீழே விழுகிறார். உடனே அவரைச் சுற்றிக் கூட்டம் கூடுகிறது. ஒருவர் அவரைத் தூக்கி உட்கார வைக்கிறார். ஒருவர் வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றுகிறார். மற்றொருவர் கையில் இரும்புச் சாவியைத் திணிக்கிறார். இன்னொருவர் காற்றுச் சேஷ்டை என்று சொல்லி மந்திரிப்பவரை அழைத்துவர ஓடுகிறார். இவர்கள் யாவரும் நல்லெண்ணம் உடையவர்களே. ஆயினும் இச்செய்கைகளுள் ஒன்றேனும் விழுந்தவருக்கு நன்மை தருவதில்லை; அவரைத் தூக்கி நிறுத்துவதும், உணர்வற்ற வாயில் தண்ணீர் ஊற்றுவதும் உயிருக்கே கேடாகவும் முடியக்கூடும்.

மூர்ச்சை என்பது தனியாக ஒரு வியாதியன்று. அது ஓர் அடையாளம். பெரும்பாலும் அது அபாயமற்ற காரணத்தால் வந்து, படுத்த சிறிது நேரத்தில் தானே நீங்கும். சிலரிடத்திலோ, இருதயத்தில் உள்ள கோளாற்றையோ, உள்ளே மறைந்து ஒழுகும் இரத்தத்தையோ முன்கூட்டி அறிவிப்பதாக அமையும். இவ்விரண்டையும் பிரித்தறிவதே முக்கியமான காரியம். அதற்கு வேண்டிய செய்திகளில் பெரும்பகுதி, விழுந்தவரை அருகிலிருந்து கண்ட நம்மிடமே இருக்கிறது. ஆதலின் அங்கத்தினர் ஒவ்வொருவரும் இவ்விஷயத்தைச் சற்றேனும் அறிந்திருத்தல் அவசியம்.

மூர்ச்சை உண்டாகும் விதம்

நமது மூளை, தேகத்தின் எடையில் ஏறக்குறைய 50-ல் 1 பங்கே ஆகும். ஆனால் தேகம் முழுவதும் செலவிடும் பிராணவாயுவில் ஏறக்குறைய 5-ல் 1 பங்கை அதுவே செலவிடுகிறது. அப்பிராணவாயுவைக் கொண்டு செல்வது இரத்தம். மூளைக்குச் செல்லும் இரத்தம் 6 முதல் 8 வினாடி வரை நின்றுபோனால், மனிதன் உணர்விழந்து விழுவான்.

இதனை விவசாயிகள் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். மனிதன் நிற்கும்போது அவனுடைய தலை மேட்டு நிலம். வயிறும் கால்களும் பள்ள நிலம். மேட்டு நிலத்திற்கு நீர் ஏறவேண்டுமாயின் மூன்று சரியாயிருத்தல் வேண்டும்: கிணற்றில் போதிய நீர், நீர் வழிந்தோடிப் போகாத வாய்க்கால், பழுதில்லாத இறைப்பு யந்திரம். இவற்றுள் எது குறைந்தாலும் முதலில் காய்வது மேட்டு நிலமே. அவ்வாறே, தேகத்தில் இரத்தமோ நீரோ குறைந்தாலும், இரத்தக் குழாய்கள் அளவுக்கு மேல் அகன்றுவிட்டாலும், இருதயம் சரிவர இயங்காவிடினும், முதலில் வாடுவது மூளை.

இவ்வுவமையிலேயே சிகிச்சையும் அடங்கியிருக்கிறது. கீழே விழுந்து கிடக்கும் மனிதனுக்கு மேடும் பள்ளமும் ஒரே மட்டமாகிவிடுகின்றன. இரத்தம் தடையின்றி மூளைக்குச் செல்கிறது. அவன் கண் விழிக்கிறான். அவனைப் பிடித்து உட்கார்த்துவதும் நிறுத்துவதும், திரும்பி வருகின்ற நீரை மறித்து விடுவதற்கு ஒப்பாகும்.

‘மயக்கம்’ என்னும் சொல்

வைத்தியரிடம் சென்று, “அடிக்கடி மயக்கம் வருகிறது” என்று மட்டும் சொன்னால் அவருக்கு விஷயம் விளங்காது. ஏனெனில் நம் வழக்கில் தலைசுற்றல், கண் இருட்டல், உடற்சோர்வு, உணர்விழத்தல் ஆகிய எல்லாவற்றையும் மயக்கமென்றே சொல்லிவிடுகிறோம். சுற்றியுள்ள பொருள்கள் சுழல்வதுபோல் தோன்றுவது பெரும்பாலும் உட்காதின் கோளாறு. நாளெல்லாம் சோர்ந்திருப்பது வேறு. தன் நினைவு முற்றும் அற்று விழுந்து, சிறிது நேரத்தில் தானே தெளிவதுதான் மூர்ச்சை. இவற்றுள் தமக்கு நேர்ந்தது இன்னதென்று முதலிலேயே தெளிவாகச் சொல்லுதல் நலம்.

சாதாரண மூர்ச்சை

இளவயதினருக்குப் பெரும்பாலும் வருவது இவ்வகையே. கூட்டத்தில் அசையாமல் நெடுநேரம் நிற்றல், புழுக்கம், பசி, கடும் வலி, இரத்தத்தைக் காணல், ஊசி போட்டுக்கொள்ளுதல், திடீர்த் துக்கம் முதலியவை இதற்குக் காரணமாகும். அப்போது நரம்பு மண்டலம் தவறான கட்டளையொன்றைப் பிறப்பிக்கிறது. இரத்தக் குழாய்கள் அகன்றுவிடுகின்றன, இருதயத்தின் துடிப்பும் மெதுவாகிறது. லண்டன் நகரத்து வைத்தியரான ஸர் தாமஸ் லூயிஸ் என்பவர் 1932-ம் வருஷத்தில் வெளியிட்ட ஆராய்ச்சியில், நாடித் துடிப்பை மருந்தால் உயர்த்தியபின்னும் இரத்த அழுத்தம் தாழ்ந்தே நின்றதை எடுத்துக்காட்டினார். எனவே இவ்வகை மூர்ச்சையில் குழாய்கள் அகல்வதே பெரும் பங்கு வகிக்கிறது என்பது தெளிவாயிற்று.

இம்மூர்ச்சை பெரும்பாலும் சொல்லாமல் வருவதில்லை. முதலில் கொட்டாவி, குமட்டல், குளிர்ந்த வியர்வை, காதில் இரைச்சல், பார்வை மங்கல் ஆகியவை தோன்றும். பிறர் பார்த்தால் முகம் வெளிறியிருக்கும். இவ்வறிகுறி கண்டவுடனே படுத்துவிட்டால் விழாமல் தப்பலாம். வெட்கத்தினால் நின்றுகொண்டே சமாளிக்க முயல்பவரே கீழே விழுந்து தலையை உடைத்துக்கொள்கின்றனர்.

சிலருக்கு ஒரு குறிப்பிட்ட செய்கையின்போது மாத்திரம் இது நேரும். வயது முதிர்ந்த ஆண்கள் இரவில் எழுந்து நின்றபடி சிறுநீர் கழிக்கையில் விழுவதுண்டு. பீடி, சுருட்டுப் பழக்கமுள்ளவர்கள் விடாமல் இருமுகையில் விழுவதுண்டு. முன்னவர் உட்கார்ந்து சிறுநீர் கழித்தல் வேண்டும். பின்னவர் அப்பழக்கத்தைக் கைவிட்டு இருமலுக்கு வைத்தியம் பார்த்துக்கொள்ளவேண்டும்.

எழுந்து நிற்கையில் வரும் மூர்ச்சை

நாம் எழுந்து நிற்கும்போது, ஏறக்குறைய அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரை இரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்குகிறது. குழாய்கள் உடனே சுருங்கி அதை ஈடுசெய்கின்றன. அவ்வாறு ஈடுசெய்ய இயலாதபோது கண் இருட்டி விழ நேரிடுகிறது. படுத்திருக்கையிலும், எழுந்து நின்ற 3 நிமிஷத்திற்குள்ளும் இரத்த அழுத்தத்தை அளந்து பார்த்தால் இது தெரிந்துவிடும். மேல் அளவு 20 புள்ளிகளோ, கீழ் அளவு 10 புள்ளிகளோ, அதற்கு மேலோ இறங்கினால் இதுவே குறை என்று கொள்ளலாம். இதற்குரிய காரணங்கள் சில:

முதலாவது, நீர்க்குறைவு. வெயிலில் வேலை செய்து வியர்த்தபின் நீர் அருந்தாமை, பேதி, வாந்தி, காய்ச்சல் ஆகியவற்றால் இது உண்டாகும். உப்பிட்ட மோரும் கஞ்சியும் இதற்கு நல்ல மருந்து. பேதியால் நீர் வற்றியவருக்கு உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தைப் பொட்டலத்தில் கண்ட அளவு தண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாம். அது கிடையாவிடில், காய்ச்சி ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய தேக்கரண்டியால் 6 கரண்டி சர்க்கரையும் அரைக் கரண்டி உப்பும் கரைத்துக்கொள்ளலாம். உப்பு அளவு மிகுதல் கூடாது.

இரண்டாவது, இரத்தக்குறைவு. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள ஸ்திரீகளில் 100-க்கு 53 பேர் இரத்தசோகை உடையவர்கள். இரத்தசோகை மாத்திரமே மூர்ச்சைக்குக் காரணமாவது அரிது. ஆனால் சோகையுள்ள தேகம் வெயிலையும் பசியையும் தாங்காமல் எளிதில் தளர்ந்து விழும். இரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு ஸ்திரீகளுக்கு 12 கிராமும், கர்ப்பிணிகளுக்கு 11 கிராமும், ஆண்களுக்கு 13 கிராமும் குறையாதிருத்தல் வேண்டும். அதிகமான மாதவிடாய்ப் போக்கு, வெறுங்காலுடன் நடப்பதால் பற்றும் கொக்கிப்புழு, இரும்புச் சத்தில்லா உணவு ஆகியவை இதற்குக் காரணங்கள்.

மூன்றாவது, மறைந்து ஒழுகும் இரத்தம். மூட்டுவலிக்கும் இடுப்புவலிக்கும் கடையில் மாத்திரை வாங்கி நெடுநாள் விழுங்குபவருக்கு இரைப்பையில் புண் உண்டாகி, அதிலிருந்து இரத்தம் ஒழுகுவதுண்டு. மலம் தாரைப்போல் கறுத்துப் பிசுபிசுப்பாகப் போவது இதன் அடையாளம். இரும்புச் சத்து மாத்திரை உண்பவர்க்கும் மலம் கறுக்குமாதலால், அதனையும் வைத்தியரிடம் சொல்லவேண்டும். கறுத்த மலமும் மூர்ச்சையும் சேர்ந்து கண்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும். அவ்வாறே, மாதவிடாய் தள்ளிய ஸ்திரீ அடிவயிற்று வலியுடன் மூர்ச்சையானால், கருப்பைக்கு வெளியே கரு தங்கி, குழாய் வெடித்து உள்ளே இரத்தம் பெருகியிருக்கக்கூடும். “கர்ப்ப காலத்து மயக்கம் சகஜம்” என்று சொல்லி இதைத் தாமதித்தால் உயிர் போய்விடும்.

நான்காவது, மருந்துகள். இரத்த அழுத்தத்திற்கும், சிறுநீரைப் பெருக்குவதற்கும், முதியவர்களின் சிறுநீர்த் தடைக்கும் கொடுக்கப்படும் மாத்திரைகள் சில, எழுந்து நிற்கையில் அழுத்தத்தை இறக்கிவிடும். நெடுநாள் நீரிழிவு உள்ளவருக்கு நரம்பு தளர்ந்தும் இது நேரும். இத்தகையோர் மாத்திரையைத் தாமே நிறுத்திவிடக் கூடாது; உட்கொள்ளும் மாத்திரைகள் அனைத்தையும் ஒரு பையிலிட்டு வைத்தியரிடம் காட்டவேண்டும்.

இருதயத்தால் வரும் மூர்ச்சை

இறைப்பு யந்திரமே பழுதானால் வருவது இது. எல்லாவற்றிலும் அஞ்சத்தக்கதும் இதுவே. இருதயத்தின் துடிப்பு அளவுகடந்து வேகமானாலும், இடையிடையே நின்றுபோனாலும், அதன் கதவுகளுள் ஒன்று சுருங்கிவிட்டாலும், மூளைக்கு இரத்தம் செல்லாது. சிறுவயதில் தொண்டைப்புண்ணும் மூட்டு வீக்கமுமாக வரும் ஒருவகைக் காய்ச்சல், பிற்காலத்தில் இருதயக் கதவுகளைக் கெடுத்துவிடுவதுண்டு.

நாடி மிக மெதுவாகி மனிதர் திடீரென்று விழுவதை, டப்ளின் நகரத்து வைத்தியர்களான ராபர்ட் ஆடம்ஸ் 1827-ம் வருஷத்திலும், வில்லியம் ஸ்டோக்ஸ் 1846-ம் வருஷத்திலும் விவரித்து எழுதினர். அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கு மேல் இதற்குத் தக்க பரிகாரம் கிட்டவில்லை. 1958-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில், ஸ்வீடன் நாட்டில் ஓகெ சென்னிங் என்னும் அறுவை வைத்தியரும் ரூனெ எல்ம்க்விஸ்ட் என்னும் பொறியியல் அறிஞரும், இருதயத்தைத் தூண்டி இயக்கும் சிறு மின்கருவியை முதன்முதல் ஒரு நோயாளியின் தேகத்திற்குள்ளேயே பொருத்தினர். நாளொன்றுக்குப் பன்முறை மூர்ச்சையாகிச் சாகும் தறுவாயில் இருந்த அவர், கருவிகளை மாற்றி மாற்றிப் பொருத்திக்கொண்டு, 2001-ம் வருஷம் வரை வாழ்ந்தார். பேஸ்மேக்கர் எனப்படும் அக்கருவி இன்று நம் நாட்டு ஆஸ்பத்திரிகளிலும் பொருத்தப்படுகிறது. ஆதலின் இருதய மூர்ச்சை என்றால் விதி முடிந்ததென்று எண்ணவேண்டுவதில்லை. காலத்தில் கண்டுபிடியாமையே கேடு.

பின்வரும் அடையாளங்களுள் ஒன்று இருப்பினும் இருதயத்தைச் சந்தேகிக்கவேண்டும்: ஓடுகையிலோ பாரம் தூக்குகையிலோ விழுதல், படுத்திருக்கையில் அல்லது உட்கார்ந்திருக்கையில் மூர்ச்சையாதல், எவ்வித முன்னறிகுறியுமின்றிச் சட்டென்று விழுந்து காயமடைதல், விழுமுன் நெஞ்சு படபடத்தல், மார்பு வலி, மூச்சுத் திணறல், முன்பே இருதய வியாதி உள்ளமை, குடும்பத்தில் இளவயதில் எவரேனும் திடீரென்று இறந்திருத்தல். விளையாட்டிடையே மூர்ச்சையாகி விழும் பிள்ளையை, “சாப்பிடாமல் ஓடினான்” என்று சொல்லி விட்டுவிடலாகாது.

மூர்ச்சைபோல் தோன்றும் பிற

வலிப்பில் தேகம் முறுக்கிக்கொண்டு கைகால் நெடுநேரம் வெட்டும்; முகம் நீலம் பாரிக்கும்; நாக்கின் ஓரம் கடிபடும்; தெளிந்தபின்னும் வெகுநேரம் குழப்பம் நீடிக்கும். மூர்ச்சையிலோ முகம் வெளிறும். மனிதர் விரைவில் தெளிந்து பிறரை அடையாளம் காண்பார். மூர்ச்சையிலும் சில வினாடிகள் கைகால் துடிப்பதுண்டு. அது கண்டு வலிப்பென்று துணிதல் தவறு. இரும்பைக் கையில் கொடுப்பது இரண்டிற்கும் பயனற்றது. வலிப்பு நிற்பதும் மூர்ச்சை தெளிவதும் தாமாகவே நிகழ்வன. அந்நேரத்தில் சாவி கையிலிருந்ததால் அதற்குப் பெருமை வந்துவிட்டது.

இன்ஸுலின் போடுபவரும், நீரிழிவுக்கு மாத்திரை உண்பவர் சிலரும், வேளைக்கு உண்ணாவிடில் இரத்தச் சர்க்கரை குறைந்து, நடுக்கமும் வியர்வையுமாக நினைவிழப்பர். நினைவுள்ளபோதே சர்க்கரையோ வெல்லமோ கொடுக்கவேண்டும். நினைவிழந்தவர் வாயில் ஒன்றும் இடாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லவேண்டும். பயிருக்குப் பூச்சிமருந்து தெளித்தவர் எச்சில் பெருகி, வியர்த்து, கண்மணி சுருங்கி விழுந்தால், அது விஷத்தின் செய்கை. நனைந்த துணிகளைக் களைந்து, தோலைச் சோப்பிட்டுக் கழுவி, மருந்துப் புட்டியையும் உடன் எடுத்துக்கொண்டு உடனே செல்லவேண்டும். உதவுபவர் தம் கைகளில் அவ்விஷம் படாமல் காத்துக்கொள்ளவேண்டும்.

விழுந்தவருக்கு உடனே செய்யவேண்டுவன

1. கூட்டத்தை விலக்குக. விழுந்தவரை நிழலில் மல்லாக்கப் படுக்கவைத்து, கால்களை ஒரு முழ உயரம் தூக்கி வைக்க. கர்ப்பிணியாயின் இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைக்க.

2. கழுத்து, இடுப்புக் கட்டுகளைத் தளர்த்துக. வாந்தி வருமாயின் ஒருக்களித்துத் திருப்புக. வாயில் தண்ணீரோ, சோடாவோ, மருந்தோ ஊற்றாதீர்.

3. மூச்சைக் கவனிக்க. தட்டி அழைத்தும் விழியாமல், மூச்சும் சரிவர இல்லையாயின், அது மூர்ச்சையன்று. இருதயம் நின்றுவிட்டது என்க. ஒருவர் 108-க்குத் தொலைபேசியில் சொல்லட்டும். மற்றொருவர் நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, சுமார் 2 அங்குல ஆழம், நிமிஷத்திற்கு 100 முதல் 120 தடவை, உதவி வரும் வரை விடாமல் அழுத்தட்டும்.

4. தெளிந்தபின் 10 அல்லது 15 நிமிஷம் படுத்தே இருக்கட்டும். பின்னர் முதலில் உட்கார்ந்து, சற்றுப் பொறுத்து எழுந்து நிற்கட்டும். நன்கு நினைவு வந்தபின்பே நீர் அருந்தக் கொடுக்கலாம்.

5. இரண்டு நிமிஷத்திற்குள் தெளியாவிடினும், தெளிந்தபின் பேச்சுக் குழறினும், ஒரு பக்கத்துக் கைகால் விளங்காவிடினும், மேலே சொன்ன இருதய அடையாளம் எதுவும் காணினும், தலையில் அடிபட்டிருப்பினும், தாமதியாமல் 108 வாகனத்தை அழைக்க.

வைத்தியரிடம் சொல்லவேண்டுவன

விழுந்தவருக்குத் தாம் விழுந்ததே நினைவிராது. ஆதலின் கண்ணால் கண்டவர் ஒருவர் உடன் செல்லுதல் மிக முக்கியம். நின்றபோதா உட்கார்ந்தபோதா, வேலை செய்கையிலா சும்மா இருக்கையிலா, முகம் வெளிறிற்றா நீலமாயிற்றா, எவ்வளவு நேரத்தில் தெளிந்தார், தெளிந்தவுடன் பேசியது ஒழுங்காயிருந்ததா என்பவற்றை அவர் சொல்லவேண்டும். இத்தகைய விவரத்தையும், படுத்தும் நின்றும் அளந்த இரத்த அழுத்தத்தையும், இருதயத்தின் மின்னோட்டத்தை வரைந்து காட்டும் இ.சி.ஜி. பரிசோதனையையும் கொண்டே பலருக்குக் காரணம் புலப்பட்டுவிடும். தேவைக்கேற்ப இரத்தம், சர்க்கரை, கர்ப்பம் ஆகியவற்றின் பரிசோதனைகளும் செய்யப்படும். சாதாரண மூர்ச்சைக்கு மூளையை ஸ்கேன் எடுப்பதால் பெரும்பாலும் பயன் விளைவதில்லை. மந்திரிப்பதற்கும், அவசியமற்ற பரிசோதனைக்கும் கடன் வாங்கிச் செலவிட்டு, அவசியமான இ.சி.ஜி.யை விட்டுவிடுவோர் உளர். முதலில் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகி, அவ்வைத்தியர் சொல்லும் இடத்திற்கு அடுத்துச் செல்லுவதே பணத்திற்கும் உயிருக்கும் காப்பாகும்.

மீண்டும் வாராமல் தடுத்தல்

சாதாரண மூர்ச்சை அடிக்கடி வருபவர்க்குப் பெரும்பாலும் மருந்து வேண்டுவதில்லை, பழக்கமே மருந்து. காலை உணவைத் தவிர்க்கலாகாது. வெயிலில் புறப்படுமுன்னும், வேலையிடையிலும் நீர் அருந்தவேண்டும். உப்பை மிகுதியாகச் சேர்த்துக்கொள்வதை, இரத்த அழுத்தம், இருதயம், சிறுநீரகம் ஆகியவற்றில் குறையுள்ளவர் வைத்தியரைக் கேளாமல் செய்யலாகாது. படுக்கையிலிருந்து எழுகையில், சற்று உட்கார்ந்து, கால்களை அசைத்துப் பின் எழவேண்டும். நெடுநேரம் நிற்க நேர்ந்தால் குதிகாலை உயர்த்தித் தாழ்த்திக்கொண்டிருக்கலாம். முன்னறிகுறி தோன்றியவுடன் படுப்பதே சிறந்தது. படுக்க இடமில்லையாயின், கால்களைப் பின்னிக்கொண்டு தொடை, வயிற்றுத் தசைகளை இறுக்கி, கைகளைக் கோத்து இழுத்துப் பிடித்தால் இரத்த அழுத்தம் ஓரளவு உயரும். காரணம் தெரிந்து சிகிச்சை முடியும் வரை, கிணற்று மேட்டிலும், மரத்தின்மேலும், உழவு யந்திரத்திலும், அடுப்பின் அருகிலும் தனியாக வேலை செய்யலாகாது, வாகனம் ஓட்டலாகாது.

சங்கத்து அங்கத்தினர்களுக்கு இறுதியாக ஒன்று. உரம் வாங்கவும், கடன் பெறவும், நெல் எடை போடவும் நாம் வரிசையில் நிற்கும் இடங்களிலேயே இம்மூர்ச்சை பலருக்கு நேர்கிறது. அவ்விடத்தில் ஒரு நிழற்பந்தலும், ஒரு பானைத் தண்ணீரும், முதியவர்க்கும் கர்ப்பிணிகட்கும் ஒரு பலகையும் இருந்தால், விழ இருப்பவருள் பலர் விழாதிருப்பர். அதற்குச் செலவு சொற்பமே. அதனையும் மீறி ஒருவர் விழுந்தால், அவரைத் தூக்கி நிறுத்த நீளும் கைகளைத் தடுத்து, “படுக்க விடுங்கள், காலை உயர்த்துங்கள்” என்று சொல்ல அறிந்தவர் ஒருவரேனும் அவ்வரிசையில் இருக்கவேண்டும். இதனைப் படித்த அங்கத்தினர் ஒவ்வொருவரும் அந்த ஒருவராக இருக்கக் கடமைப்பட்டவர்.